விழுந்தால் சத்தமாக விழட்டும்!

உன் புரோகிராம் ஒருநாள் விழும். எத்தனை பெரிய கெட்டிக்காரன் எழுதினாலும் விழும். கிளையன்டின் கம்ப்யூட்டரில் டிஸ்க் நிறைந்துபோகும். சர்வரோடு இருந்த இணைப்பு பாதி வேலையில் அறுந்துபோகும். பிரிண்டருக்குப் போகும் ஒயரை யாராவது காலால் இடறுவார்கள். நீ கனவிலும் நினைக்காத ஒரு தேதி வடிவம் ஏதோ ஒரு எக்செல் கோப்பிலிருந்து உள்ளே வந்து உட்காரும். இதற்கெல்லாம் நடுங்காதே தம்பி, நடுங்காதே தங்கையே! நடுங்க வேண்டிய நிலைமை ஒன்றே ஒன்றுதான். உன் புரோகிராம் விழுந்து கிடக்கிறது, அது உனக்கே தெரியவில்லை என்ற நிலைமை.

டெஸ்க்டாப் மென்பொருள் எழுத வரும் பிள்ளைகளிடம் ஒரு பயத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். வாடிக்கையாளர் கண்முன்னால் எர்ரர் பெட்டி வந்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயம் கையைப் பிடித்து நாலு வரி எழுத வைக்கிறது. டிரை என்று தொடங்கி, கேட்ச் என்று போட்டு, உள்ளே ஒன்றுமே எழுதாமல் அடைப்புக்குறியை மூடிவிடும் நாலு வரி. எழுதியதும் மனசு நிம்மதியாகிவிடுகிறது, “இனி க்ராஷ் ஆகாது” என்று. ஏரிக்கரையில் காவலுக்கு நின்றவன் உடைப்பைக் கண்ட பிறகும், ஊரார் தூக்கம் கெடுமே என்று வாயை மூடிக்கொண்டால் அவனை என்ன சொல்வாய்? அந்த வெற்று கேட்ச் செய்வதும் அதைத்தான்.

ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள். பில் போடும் திரை ஒரு திரெட்டில் ஓடுகிறது. போட்ட பில்களைத் தலைமை அலுவலக சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க, பின்னணியில் இன்னொரு திரெட். அந்தப் பின்னணித் திரெட்டின் லூப்பைச் சுற்றி யாரோ ஒரு வெற்று கேட்ச் போட்டிருக்கிறார். ஒருநாள் மாலை நெட் போகிறது. எக்செப்ஷன் எழுகிறது, லூப்பை விட்டு வெளியே குதிக்கிறது, வெற்று கேட்சுக்குள் விழுகிறது. திரெட்டின் வேலை முடிந்துபோனது. ஐந்து நிமிடத்தில் நெட் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் அனுப்ப ஆள் இல்லை. திரையின் மூலையில் “இணைப்பில் உள்ளது” என்ற பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. கல்லாவில் இருப்பவர் அதை நம்பி பில் மேல் பில்லாகப் போடுகிறார். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது யாரை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்? கல்லாவில் இருந்தவரைத்தான். அவர் செய்த தவறு என்ன? உன் பச்சை விளக்கை நம்பியது!

இதை நினைத்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது. க்ராஷ் ஆகியிருந்தால் அன்று மாலையே ஒரு போன் வந்திருக்கும், அடுத்த நாள் காலை சரியாகியிருக்கும். வாயை மூடிக்கொண்டதால் ஒரு மாதப் பில்லும் ஒரு மனிதரின் நாணயமும் போயின.

சரி, கேட்சே போடாமல் விட்டுவிட்டால்? அங்கேதான் அடிப்படையை நீ புரிந்துகொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொண்டவனுக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். ஒவ்வொரு திரெட்டுக்கும் சொந்தமாக ஒரு ஸ்டாக் உண்டு. எக்செப்ஷன் எழுந்தால், தன்னை அழைத்த ஃபங்ஷன், அதை அழைத்த ஃபங்ஷன் என்று அந்த ஸ்டாக்கில்தான் மேலே மேலே ஏறும். பக்கத்துத் திரெட்டின் ஸ்டாக்குக்குத் தாவாது. மெயின் திரெட்டில் ஸ்டார்ட் என்று எழுதிய வரியைச் சுற்றி டிரை-கேட்ச் போட்டுவிட்டு, புதுத் திரெட்டுக்குள் நடப்பதெல்லாம் அதில் மாட்டும் என்று எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்! ஸ்டார்ட் திரெட்டைக் கிளப்பிவிட்டு அப்போதே திரும்பிவிட்டது. உன் டிரை பிளாக்கும் முடிந்துவிட்டது. உள்ளே எக்செப்ஷன் எழும்போது அதன் ஸ்டாக்கின் உச்சியில் இருப்பது அந்தத் திரெட்டின் முதல் ஃபங்ஷன். அங்கே பிடிக்க யாரும் இல்லாவிட்டால் எங்கேயும் யாரும் இல்லை. ஆகவே, நீ கிளப்பும் ஒவ்வொரு திரெட்டின் முதல் ஃபங்ஷனிலும் பிடிக்கும் இடத்தை நீயே கட்டு. திரெட்டைப் பெற்றவன் நீ, அதன் விழுகைக்கும் நீயே பொறுப்பு. “நான் பொறுப்பு” என்று சொல்லிப் பழகு. அந்தச் சொல்லைச் சொல்லும்போது முதுகெலும்பு தானாக நிமிரும்.

டாட்நெட்டின் வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2002-இல் வந்த முதல் பதிப்பிலும் அடுத்த ஆண்டு வந்த 1.1 பதிப்பிலும், பின்னணித் திரெட்டில் யாரும் பிடிக்காத எக்செப்ஷன் எழுந்தால் அந்தத் திரெட் மட்டும் சத்தமில்லாமல் செத்துப்போகும். புரோகிராம் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு நல்லதுபோல இருக்கிறது அல்லவா? அதைக் கட்டியவர்களே அது தவறு என்று கண்டார்கள். 2005-இல் வந்த 2.0 பதிப்பில் விதியைத் தலைகீழாக்கினார்கள். எந்தத் திரெட்டில் பிடிபடாத எக்செப்ஷன் எழுந்தாலும் மொத்தப் புரோகிராமும் நிற்கும்! அதுவரை ஓடிக்கொண்டிருந்த பல மென்பொருள்கள் புதுப் பதிப்பில் விழும் என்று தெரிந்தே செய்தார்கள். அதற்குப் பெயர் துணிச்சல். பழைய பழக்கத்தை விட முடியாதவர்களுக்காக கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியையும் விட்டுவைத்தார்கள். அதை எழுதினால் பழைய மௌனம் திரும்பி வரும். அந்த வரியை நீ எழுதாதே.

ஆனால் 2010-இல் டாஸ்க் வந்ததும் கதை வேறு பக்கம் திரும்பியது. டாஸ்க்கில் எழும் எக்செப்ஷன் அந்த டாஸ்க்குக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. நீ அவெய்ட் செய்தால் வெளியே வரும், செய்யாவிட்டால் வராது. யாரும் கண்டுகொள்ளாத எக்செப்ஷன் என்றால் குப்பை சேகரிக்கும் நேரத்தில் புரோகிராமை வீழ்த்துவோம் என்று 4.0 பதிப்பில் வைத்திருந்தார்கள். 2012-இல் வந்த 4.5 பதிப்பில் அதையும் தளர்த்திவிட்டார்கள். இன்று, கிளப்பிவிட்டு மறந்துபோன டாஸ்க் விழுந்தால் உன் புரோகிராம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிளாட்ஃபாரம் கண்டிப்பை விட்டுவிட்டது. அப்படியானால் கண்டிப்பு எங்கிருந்து வர வேண்டும்? உன்னிடமிருந்து! ஒரு டாஸ்க்கைக் கிளப்பினால் அதன் முடிவை யார் கேட்கப்போகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போ.

இப்போது, பிடிபடாத எக்செப்ஷன் கடைசியாக வந்துசேரும் கதவுகளைக் காட்டுகிறேன், கவனமாகப் பார். விண்டோஸ் ஃபார்ம்ஸில் “அப்ளிகேஷன் திரெட் எக்செப்ஷன்” என்ற நிகழ்வு உண்டு. பெயரைப் பார்த்து எல்லாத் திரெட்டையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதே. திரையை ஓட்டும் யூஐ திரெட்டில் எழுவது மட்டுமே அதற்கு வரும். எல்லாத் திரெட்டையும் பார்க்கும் கதவு “ஆப்டொமைன் அன்ஹேண்டில்ட் எக்செப்ஷன்”. அதிலும் ஒன்றைத் தெரிந்துகொள். அது சேதி சொல்லும் கதவு மட்டுமே. அங்கே வந்து நின்று புரோகிராமைக் காப்பாற்ற முடியாது. என்ன நடந்தது என்று எழுதிவைக்கக் கொஞ்ச நேரம் கொடுக்கும், பிறகு புரோகிராம் போய்விடும். டபிள்யூபிஎஃப் என்றால் யூஐ திரெட்டுக்கு “டிஸ்பாட்சர் அன்ஹேண்டில்ட் எக்செப்ஷன்”. அங்கே ஹேண்டில்ட் என்பதை ட்ரூ ஆக்கினால் புரோகிராம் தொடரும். மறந்துபோன டாஸ்க்குகளுக்கு “அன்அப்ஸர்வ்ட் டாஸ்க் எக்செப்ஷன்”. அது எப்போது வரும் என்று நேரம் சொல்ல முடியாது. குப்பை சேகரிப்பு நடந்தால்தான் வரும்.

இந்தக் கதவுகளைப் புரோகிராமின் முதல் வரிகளிலேயே மாட்டு. முதல் ஜன்னல் பிறப்பதற்கு முன்னால் மாட்டு. விண்டோஸ் ஃபார்ம்ஸில் எக்செப்ஷன் முறையைத் தீர்மானிக்கும் அழைப்பை ஜன்னல் உருவான பிறகு எழுதினால் அதுவே எக்செப்ஷன் எறியும். இன்னொன்று, டீபக்கரை மாட்டி ஓட்டும்போது யூஐ திரெட் எக்செப்ஷன் உன் ஹேண்ட்லருக்கு வராமல் நேராக டீபக்கரிடம் போகும். “என் மெஷினில் ஒரு மாதிரி, கிளையன்ட் மெஷினில் வேறு மாதிரி” என்று தலையில் கைவைத்து உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம். தலையில் கைவைக்காதே. ரிலீஸ் பில்டை டீபக்கர் இல்லாமல் ஓட்டிப் பார்.

இந்தக் கடைசிக் கதவில் நின்றுகொண்டு பெரிய வேலை எதுவும் செய்யப் போகாதே. அங்கே வந்துசேரும்போது புரோகிராமின் நினைவகம் எந்த நிலையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நேரத்தையும், திரெட்டின் பெயரையும், எக்செப்ஷனை முழுசாகவும், அதன் வயிற்றில் இருக்கும் இன்னர் எக்செப்ஷனோடு, கோப்பில் எழுது. எழுதியது டிஸ்க்கில் இறங்கியதா என்று உறுதி செய். பயனாளி பாதியில் விட்ட வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு மீட்புக் கோப்பில் வை. நல்லபடி இருக்கும் மூலக் கோப்பின் மேல் எழுதித் தொலைத்துவிடாதே! அந்த ஹேண்ட்லருக்குள்ளேயே இன்னொரு எக்செப்ஷன் எழுந்தால் முதல் காரணமும் சேர்ந்து புதைந்துபோகும் என்பதையும் மறவாதே. ஸ்டாக் நிரம்பி வழிந்தால் எந்தக் கேட்சும் அதைப் பிடிக்காது, புரோகிராம் அப்படியே போகும். அதை ஒப்புக்கொள். எதைப் பிடிக்க முடியும், எதைப் பிடிக்க முடியாது என்று பிரித்துத் தெரிந்துகொள்வதில்தான் நம்பிக்கை பிறக்கிறது.

கடைசிக் கதவுவரை வரவிடாமல் நடுவில் பிடிப்பதுதான் உண்மையான கைத்திறன். பேக்ரவுண்ட் ஒர்க்கர் உபயோகிக்கிறாயா? வேலைக்குள் எழுந்த எக்செப்ஷனை அது பிடித்துவைத்து, வேலை முடிந்ததும் எர்ரர் என்ற பெட்டியில் போட்டு உன்னிடம் கொடுக்கிறது. அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் “முடிந்தது” என்று திரையில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! திற. பார். அசிங்க் வாய்ட் என்று எழுதாதே, பட்டன் நிகழ்வு போன்ற தவிர்க்க முடியாத இடங்களில் தவிர. அங்கே எழும் எக்செப்ஷனை அழைத்தவன் பிடிக்கவே முடியாது. பிடித்த எக்செப்ஷனை மீண்டும் எறிவதானால் வெறும் த்ரோ போதும். பக்கத்தில் எக்செப்ஷனின் பெயரையும் சேர்த்து எழுதினால், அது முதலில் எழுந்த வரி எண் அழிந்து நீ மறுபடி எறிந்த வரி எண் உட்கார்ந்துவிடும். தடயத்தை உன் கையாலேயே அழிக்காதே. பின்னணித் திரெட்டில் பிடித்ததைத் திரையில் காட்ட வேண்டுமா? அங்கிருந்தபடியே லேபிளைத் தொடாதே. இன்வோக் மூலம் யூஐ திரெட்டிடம் ஒப்படை.

காட்டும் வாசகத்தையும் தைரியமாக எழுது. “எதிர்பாராத பிழை” என்று மழுப்பாதே. “இந்தப் பில் சர்வருக்குப் போகவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. நெட் வந்ததும் மறுபடி அனுப்பப்படும்.” எது போனது, எது பத்திரம், அடுத்து என்ன, இவ்வளவுதான் அந்தக் கல்லாக்காரருக்கு வேண்டும். அவர் தமிழ் படிக்கிறவர் என்றால் தமிழிலேயே எழுது. பச்சை விளக்கு பொய் சொல்லக் கூடாது. அணைய வேண்டிய நேரத்தில் அணையட்டும்!

ஜாவா ஆட்களும் பைத்தான் ஆட்களும் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஜாவாவில் பிடிபடாத எக்செப்ஷன் அந்தத் திரெட்டை மட்டும் கொல்லும். ஸ்டாக் டிரேஸ் கன்சோலுக்குப் போகும். டெஸ்க்டாப் புரோகிராமைக் கன்சோல் இல்லாமல் கிளப்பினால் அதைப் பார்க்க ஆளே இல்லை. எல்லாத் திரெட்டுக்கும் பொதுவான ஹேண்ட்லரை மாட்டும் வழி 2004-இல் வந்த ஜாவா 5-லிருந்தே இருக்கிறது. எக்சிக்யூட்டரில் சப்மிட் என்று கொடுத்தால் அந்தப் பொது ஹேண்ட்லருக்கும் வராது, ஃப்யூச்சருக்குள் ஒளிந்துகொள்ளும். கெட் சொல்லித்தான் வெளியே இழுக்க வேண்டும். குறித்த இடைவெளியில் ஓடும் வேலை ஒருமுறை எக்செப்ஷன் எறிந்தால், அடுத்த முறை முதல் அது ஓடவே ஓடாது, ஒரு வார்த்தை சொல்லாமல்! பைத்தானில் திரெட்டுகளுக்கென்று தனி எக்செப்ட்ஹுக் 2019-இல் வந்த 3.8 பதிப்பில்தான் கிடைத்தது. கிடைத்திருப்பதை எடுத்து மாட்டு.

கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்களிடம் தனியாக ஒரு சொல். திரை முழுக்கச் சிவப்பில் ஆங்கிலம் கொட்டும்போது உங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிடக் கை எழுகிறது. கூப்பிடாதீர்கள், முதலில் நீங்களே படியுங்கள். ஸ்டாக் டிரேஸைப் படிக்க ஆங்கிலப் புலமை எதுவும் வேண்டாம். டாட்நெட்டில் முதல் வரியில் என்ன நடந்தது என்று இருக்கும். அதன் கீழே, கடைசியாக அழைக்கப்பட்ட ஃபங்ஷன் மேலே, அதை அழைத்தது அடுத்து என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறது என்று மட்டும் தேடுங்கள். பக்கத்தில் வரி எண் இருக்கும். அங்கே போங்கள். சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவரும் அதே வரிக்குத்தான் போயாக வேண்டும், அவருக்கென்று தனிக் குறுக்குவழி கிடையாது. தினமும் ஒரு ஸ்டாக் டிரேஸ் படியுங்கள். பிறகு டீமில் எல்லோரும் உங்கள் இருக்கையைத் தேடி வருவார்கள்.

“எர்ரர் மெசேஜே வரக்கூடாது” என்று மேலதிகாரி சொல்வார். சொல்லட்டும். “சார், மெசேஜ் வராமல் செய்வது அரைமணி வேலை. எர்ரரே வராமல் செய்யச் சொல்லுங்கள், அதைத்தான் செய்ய விரும்புகிறேன். அதற்கு முதலில் அது வந்தது எனக்குத் தெரிய வேண்டும்” என்று மரியாதையாக, கண்ணைப் பார்த்துச் சொல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்ல நாக்கு குழறும். குழறினாலும் சொல்.

விழுந்ததை வெளியே சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயமா? 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகப் புறப்பட்டது. புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாதை திரும்பி உடைந்து சிதறியது. நான்கு கிளஸ்டர் விண்கலங்கள் அதோடு போயின. காரணம் என்ன தெரியுமா? பிடிபடாத ஓர் எக்செப்ஷன்! 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளாமல் எக்செப்ஷன் எழுந்தது. ஆபத்து உண்டு என்று அறியப்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதி, கணினியின் சுமை கூடிவிடக் கூடாது என்று மூன்றை விட்டுவைத்திருந்தார்கள். ஏரியான் 4-இல் அது தாங்கியது, 5-இன் வேகத்துக்குத் தாங்கவில்லை. திசை காட்டும் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. அதற்கு மாற்றாக வைத்திருந்த கணினியிலும் அதே மென்பொருள், அதுவும் அதே காரணத்தால் ஏற்கெனவே நின்றிருந்தது. நிற்கும்போது அனுப்பிய பிழைத் தகவலை, பறக்கும் திசை பற்றிய தரவு என்று எடுத்துக்கொண்டு முதன்மைக் கணினி எஞ்சின் முனைகளைத் திருப்பியது. இவ்வளவுக்கும், எக்செப்ஷன் எழுந்த அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்டு எழும்பிய பிறகு தேவையே இல்லாத கணக்கு.

அவர்கள் மூடி மறைத்தார்களா? ழாக்-லூயி லியோன்ஸ் என்ற கணித அறிஞர் தலைமையில் குழு உட்கார்ந்தது. அடுத்த மாதமே, எந்தக் கணக்கில் எந்த எண் வழிந்தது என்பதுவரை எழுதிய அறிக்கையை உலகத்தின் முன்னால் வைத்தார்கள். இன்றும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கிளஸ்டர் கலங்களை மறுபடி கட்டி 2000-இல் ரஷ்ய ராக்கெட்டுகளில் அனுப்பினார்கள். ஏரியான் 5 திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது, 2023 ஜூலை வரை பறந்தது, மொத்தம் 117 பயணங்கள். 2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைச் சுமந்துசென்றது அந்த ராக்கெட்தான். தொலைநோக்கியின் சொந்த எரிபொருள் கணிசமாக மிச்சமாகும் அளவுக்குத் துல்லியமாகக் கொண்டுபோய் விட்டது!

ஆகவே எழுந்திரு. நாளைக்கு என்று தள்ளாதே, இப்போதே உன் புரோஜெக்டைத் திற. எல்லாக் கோப்புகளிலும் கேட்ச் என்று தேடு. உள்ளே காலியாக இருக்கும் ஒவ்வொன்றிடமும் “நீ எதை மறைக்கிறாய்?” என்று கேள். பதில் தெரிந்தால், எந்த எக்செப்ஷனோ அதை மட்டும் பெயர் சொல்லிப் பிடித்து, காரணத்தை எழுதிவை. பதில் தெரியாவிட்டால் லாக் எழுதி மேலே எறி. பிறகு சோதனை பில்டில் மட்டும் தெரியும்படி மூன்று பட்டன்களை வை. ஒன்று யூஐ திரெட்டில் எக்செப்ஷன் எறியட்டும். இன்னொன்று புதுத் திரெட்டில் எறியட்டும். மூன்றாவது, யாரும் அவெய்ட் செய்யாத டாஸ்க்குக்குள் எறிந்துவிட்டு, குப்பை சேகரிப்பையும் அதுவே கிளப்பட்டும். உன் கையாலேயே உன் புரோகிராமை வீழ்த்து, வேறு யாரும் வீழ்த்துவதற்கு முன்னால். நெட் ஒயரைப் பிடுங்கிப் பார். டிஸ்க்கை நிரப்பிப் பார். ஒவ்வொன்றுக்கும் பிறகு லாக் கோப்பைத் திறந்து, உன் கோப்பின் பெயரும் வரி எண்ணும் அங்கே இருக்கிறதா என்று பார். மூன்று பட்டனுக்கும் அது வந்து நிற்கும்வரை இருக்கையை விட்டு எழாதே.